ஒத்துழைக்காதவர் என்று பேர் வாங்கிய அம்மா

வார்டில் ஒரு நோயாளிக்குப் பேர் விழுந்துவிட்டால் அதை மாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. ராத்திரி ஷிஃப்டில் இருந்த சிஸ்டர் காலையில் வருகிறவரிடம் “அந்த ஓரத்து பெட் கொஞ்சம் தொந்தரவு, ட்யூபை இழுப்பாங்க, கையைக் கட்டியிருக்கு” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்ந்துவிடுவார். காலையில் வந்தவர் அதையே மதியம் வருகிறவரிடம் சொல்வார். மூன்று ஷிஃப்ட் தாண்டுவதற்குள் கேஸ் ஷீட்டில் ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்று ஏறிவிடும். அதற்கப்புறம் அந்தப் படுக்கையில் இருப்பவர் முனகினாலும், காலை உதைத்தாலும், போர்வையைத் தள்ளினாலும் யாரும் காரணம் தேடுவதில்லை. காரணம்தான் ஏற்கெனவே எழுதியிருக்கிறதே.

நான் நர்சிங் மாணவி. நரம்பியல் வார்டில் போஸ்டிங் இருந்தபோது எனக்கு ஒதுக்கப்பட்ட ஒரு அம்மாவுக்கு இப்படித்தான் பேர் விழுந்திருந்தது. அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். யாரும் அவரை அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், அவர் உடம்பில் என்ன நடந்தது என்பதை மட்டும் மாற்றவில்லை.

அவருக்கு மூளையின் இடது பக்கத்தில் பக்கவாதம். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. விழுங்கச் சிரமம் இருந்ததால் மூக்கு வழியாக ட்யூப் போட்டுத்தான் திரவ உணவு போய்க்கொண்டிருந்தது. அந்த ட்யூபை இருமுறை இழுத்துவிட்டார் என்பதற்காக, நன்றாக அசையக்கூடிய இடது கையைக் கட்டிலின் கம்பியோடு துணியால் கட்டியிருந்தார்கள். மகள் வேலை முடிந்து சாயங்காலம்தான் வருவார். பகல் முழுக்கத் துணைக்கு ஆள் இல்லை.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வாய் பேசாது. வலது கை எழும்பாது. மிச்சம் இருந்தது இடது கை ஒன்றுதான், அதையும் கட்டிவிட்டோம். ஒரு மனுஷிக்கு எதையாவது சொல்ல இருந்த கடைசி வழியை அடைத்துவிட்டு, அவர் ஒத்துழைக்கவில்லை என்று எழுதிவைத்திருக்கிறோம்.

பேச்சு போனால் அறிவும் போய்விட்டது என்று நினைக்கிறவர்கள் வெளியே மட்டும் இல்லை, ஆஸ்பத்திரிக்குள்ளேயும் உண்டு. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஏதாவது ஒரு அளவில் இந்தப் பேச்சிழப்பு வருகிறது. மருத்துவத்தில் இதை அஃபேசியா என்பார்கள். 1861இல் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா விவரித்த நோயாளியால் ‘டான்’ என்ற ஒரே ஓசையைத்தான் சொல்ல முடிந்தது, ஆனால் மற்றவர்கள் சொன்னதில் பெரும்பகுதி அவருக்குப் புரிந்தது. அவர் இறந்த பிறகு மூளையைப் பார்த்தபோது இடது முன்பகுதியில் சேதம் இருந்தது. அந்த இடத்துக்கு இன்றைக்கும் புரோக்கா பகுதி என்றுதான் பெயர். முதல் வருஷமே இதைப் படித்துவிடுகிறோம், பரீட்சையிலும் எழுதிவிடுகிறோம், வார்டில் அப்படி ஒருவர் கண் முன்னால் படுத்திருக்கும்போது அவர் தலைக்கு மேலேயே “இவங்களுக்கு ஒண்ணும் புரியாது” என்று பேசிக்கொள்கிறோம்.

அந்த அம்மாவுக்கும் ஒரே ஒரு சொல் மிச்சம் இருந்தது. ‘இல்ல.’ எதைக் கேட்டாலும் “இல்ல, இல்ல.” ஷிஃப்டுக்கு ஒருமுறை வலி இருக்கிறதா என்று கேட்டுக் குறிக்க வேண்டும் என்பது விதி, அதனால் ஒவ்வொரு ஷிஃப்டிலும் யாராவது “வலிக்குதாம்மா?” என்று கேட்டிருக்கிறார்கள், அவர் “இல்ல” என்றிருக்கிறார், சார்ட்டில் வலி பூஜ்ஜியம் என்று வரிசையாக ஏறியிருந்தது. சார்ட்டைப் பார்த்தால் வலியே இல்லாத, ஆனால் காரணமில்லாமல் முரண்டு பிடிக்கிற ஒரு நோயாளி.

எனக்குச் சந்தேகம் வந்தது அவர் முகத்தைப் பார்த்துத்தான். “இல்ல” என்று சொல்லும்போது புருவம் இறுகி, கண் என் கண்ணைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றது. சரி என்று, பதில் எனக்கு முன்பே தெரிந்த கேள்விகளாகக் கேட்டேன். அவர் பெயரைச் சொல்லி, “இதுதானே உங்க பேரு?” “இல்ல.” “நாம இப்ப ஆஸ்பத்திரியிலதானே இருக்கோம்?” “இல்ல.” மகளின் பெயரைச் சொல்லி, “அவங்க உங்க பொண்ணுதானே?” “இல்ல, இல்ல.” ஆனால் மகளின் பெயர் காதில் விழுந்ததும் கண் நிறைந்துவிட்டது. கேள்வி புரிந்துதான் இருக்கிறது, பதிலும் உள்ளே இருக்கிறது, வெளியே வரும் வழியில் அந்த ஒரு சொல்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறது. அப்படியானால் சார்ட்டில் இருக்கிற அத்தனை பூஜ்ஜியங்களுக்கும் அர்த்தமே இல்லை.

வலி என்றால் என்ன என்பதற்குச் சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 1979இல் ஒரு வரையறை வெளியிட்டது. 2020இல் அதைத் திருத்தியபோது கூடவே குறிப்புகளும் சேர்த்தார்கள். வாயால் சொல்வது வலியை வெளிப்படுத்தும் பல வழிகளில் ஒன்று மட்டும்தான், ஒருவரால் சொல்ல முடியவில்லை என்பதால் அவருக்கு வலி இல்லை என்று ஆகிவிடாது என்பது அவற்றில் ஒன்று. சொல்ல முடியாதவர்களுக்கென்றே அளவுகோல்களும் இருக்கின்றன. மறதி நோய் முற்றியவர்களுக்காக 2003இல் வெளியான பெயினாட் என்ற அளவுகோலில் ஐந்து விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறார்கள்: மூச்சு, முனகல், முகம், உடம்பு இருக்கும் விதம், ஆறுதல் சொன்னால் அடங்குகிறாரா என்பது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை, மொத்தம் 10. இந்த அம்மாவுக்கு மறதி நோய் இல்லைதான், ஆனாலும் எதைப் பார்க்க வேண்டும் என்று அந்த ஐந்தும் எனக்குச் சொல்லிக்கொடுத்தன. முனகல் இருந்தது. முகம் சுளித்திருந்தது. நல்லாயிருந்த இடது கால் மடங்கி மடங்கி நீண்டுகொண்டே இருந்தது.

என்னைப் போன்ற மாணவிக்கு வார்டில் அதிகாரம் எதுவும் கிடையாது. தனியாக ஒரு மருந்து கொடுக்க முடியாது, ஒரு ஆர்டரை மாற்ற முடியாது, கட்டைக்கூடக் கேட்காமல் அவிழ்க்க முடியாது. ஆனால் ஒன்று இருக்கிறது, அது அந்த வார்டில் வேறு யாரிடமும் இல்லாதது: நேரம். அன்றைக்கு டியூட்டியில் இருந்த சிஸ்டர் அத்தனை படுக்கைகளுக்கு நடுவில் ஓடிக்கொண்டிருந்தார், ஒரு பக்கம் அட்மிஷன், ஒரு பக்கம் ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டியவர்கள். எனக்கு நோயாளிகள் இரண்டே பேர். ஒரே முகத்தை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருக்க எனக்குத்தான் வாய்ப்பு இருந்தது.

சிஸ்டரிடம் போய், நான் பக்கத்திலேயே இருக்கும் வரைக்கும் கையை அவிழ்க்கலாமா என்று கேட்டேன். “நீ நகரக் கூடாது. ட்யூபைப் பிடுங்கிட்டாங்கன்னா மறுபடி போடறது அவங்களுக்குத்தான் கஷ்டம்” என்றார். நியாயமான பேச்சு. விழுங்க முடியாத ஒருவருக்கு ட்யூப் பாதியில் வெளியே வந்து, போய்க்கொண்டிருக்கும் திரவம் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியாவில் கொண்டுபோய் விட்டுவிடும். கட்டுவதற்கும் ஒரு பயம் காரணமாக இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் கட்டிப்போட்டால் பதற்றம் குறையும் என்று யாராவது நினைத்தால் அது நடப்பதில்லை. கட்டப்பட்டவர் இன்னும் திமிறுவார், மணிக்கட்டில் தோல் உரியும், ஒரே நிலையில் கிடந்து முதுகில் புண் வரும், வயதானவர்களுக்குத் திடீர்க் குழப்பநிலை வந்துவிடும் அல்லது இருப்பது மோசமாகும். அப்புறம் அந்தக் குழப்பத்தைக் காரணம் காட்டி மறுபடியும் கட்டுவார்கள்.

கட்டை அவிழ்த்ததும் அவர் கை நேராக மூக்குக்குத்தான் போனது. எனக்குத் திக்கென்றது. ஆனால் அவர் இழுக்கவில்லை. ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். குனிந்து பார்த்தால், ட்யூப் நாசியின் ஓரத்தில் அழுந்தி அந்த இடம் சிவந்து தோல் வழண்டிருந்தது. இருமுறை ட்யூபை இழுத்ததற்கான காரணம் அங்கேயே இருந்தது. சிஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன், பிளாஸ்திரியை எடுத்து, இடத்தைத் துடைத்து, ட்யூப் நாசியில் படாதபடி கன்னத்தோடு சேர்த்து வேறு மாதிரி ஒட்டினோம். அதற்கப்புறம் என் ஷிஃப்ட் முடியும் வரை அவர் கை மூக்குப் பக்கமே போகவில்லை.

கை அடுத்து போன இடம் அடிவயிறு. உள்ளங்கையை அங்கே வைத்து அழுத்துவார், முகம் சுளிக்கும், எடுத்துவிடுவார், மறுபடி வைப்பார். நானும் தொப்புளுக்குக் கீழே மெதுவாக ஒரு கையை வைத்துப் பார்த்தேன். மேடாக, இறுக்கமாக, உருண்டையாக இருந்தது. லேசாக அழுத்தியதும் அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். தள்ளிவிடவில்லை. பிடித்து, அதே இடத்தில் வைத்துக்கொண்டார்.

முந்தைய நாள் காலையில்தான் அவருடைய சிறுநீர்க் கதீட்டரை, அதாவது சிறுநீர் வடிவதற்காகச் சிறுநீர்ப்பைக்குள் விட்டிருந்த ட்யூபை, எடுத்திருந்தார்கள். தேவையில்லாமல் நாள் கணக்கில் வைத்திருந்தால் தொற்று வரும் என்பதால் சீக்கிரம் எடுப்பதுதான் சரியான முறை. ஆனால் எடுத்தபிறகு தானாகச் சிறுநீர் கழிக்கிறாரா, எவ்வளவு கழிக்கிறார் என்று பார்க்க வேண்டும், பக்கவாதத்துக்குப் பிறகு பலருக்குச் சிறுநீர்ப்பை சரியாகக் காலியாவதில்லை.

முதலில் போய் நான் சொன்னது இவ்வளவுதான்: “சிஸ்டர், அந்த அம்மாவுக்கு வயிறு வலிக்குதுன்னு நினைக்கிறேன், யூரின் அடைச்சிருக்குமோ?” அவர் வேலையை நிறுத்தாமலே, “டயாப்பர் நனைஞ்சுட்டேதானே இருக்கு? காலையில நீதானே மாத்தினே? அப்புறம் எப்படி அடைக்கும்?” என்றார். கேட்டதும் எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நனைகிறது என்றால் போகிறது என்றுதானே அர்த்தம். திரும்பி வந்து அந்த அம்மாவின் பக்கத்தில் நின்றபோதுதான் நிரம்பி வழிவது என்று ஒன்று இருப்பது நினைவுக்கு வந்தது. சிறுநீர்ப்பை காலியாகாமல் முட்ட முட்ட நிறைந்துவிட்டால், உள்ளே அழுத்தம் தாங்காமல் சொட்டுச் சொட்டாகக் கசியும். வெளியே இருந்து பார்க்கிறவருக்கு ஈரம் தெரியும், எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். உள்ளே தேங்கிக்கொண்டே போகும்.

இதைச் சரிபார்க்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. காய்ந்த டயாப்பர் ஒன்றை எடை போட்டு, நனைந்ததை எடை போட்டு, வித்தியாசத்தைப் பார்த்தால் போதும். 1 கிராம் என்பது ஏறத்தாழ 1 மில்லி சிறுநீர். எடை மெஷின் வார்டிலேயே இருந்தது. நனைந்த டயாப்பரில் 60 மில்லிகூட இல்லை. அப்புறம் உட்கொண்டது, வெளியேறியது எழுதுகிற சார்ட்டை எடுத்தேன். கதீட்டரை எடுத்ததிலிருந்து மூக்கு ட்யூப் வழியாகவும் டிரிப்ஸ் வழியாகவும் உள்ளே போனது 2 லிட்டருக்கு மேல், ஒவ்வொரு முறையும் எத்தனை மில்லி என்று ஒழுங்காக எழுதியிருந்தது. வெளியேறியது என்ற பக்கத்தில் ஒரு எண்கூட இல்லை. ‘டயாப்பர் நனைந்தது’, ‘டயாப்பர் நனைந்தது’ என்று டிக் மட்டும். பெரியவர்களின் சிறுநீர்ப்பை சாதாரணமாக 400 முதல் 500 மில்லி வரை தாங்கும், பாதி நிறையும்போதே போக வேண்டும் என்ற உணர்வு வந்துவிடும். நமக்கு வந்தால் எழுந்து போய்விடுவோம். அவர் என்ன செய்ய முடியும்? காலை உதைக்கலாம், முனகலாம். அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நோயாளிக்காகப் பரிந்து பேசுவது என்றால் உரத்த குரலில் சண்டை போடுவது, யாரையாவது எதிர்த்து நிற்பது என்று ஒரு படம் மனசில் இருக்கிறது. அந்தப் படம் ஒரு வார்டில் உதவாது, முக்கியமாக மாணவிக்கு உதவவே உதவாது. ஓடிக்கொண்டிருக்கிற ஒரு சிஸ்டரை நிறுத்த வேண்டுமானால், அவர் நின்ற இடத்திலேயே முடிவெடுக்கக்கூடிய மாதிரி விஷயத்தைக் கொடுக்க வேண்டும். நவீன நர்சிங்குக்கு அடித்தளம் போட்ட ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலைக் கையில் விளக்கோடு நடந்தவராகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். அவர் 1858இல் வரைபடங்கள் போட்டு, போரில் சிப்பாய்கள் காயத்தைவிடத் தடுக்கக்கூடிய நோய்களால்தான் அதிகம் செத்தார்கள் என்று கணக்குக் காட்டினார். இரக்கத்தோடு எண்ணும் சேர்ந்தபோதுதான் அதிகாரத்தில் இருந்தவர்கள் காது கொடுத்தார்கள்.

எஸ்பார் என்று ஒரு முறை எங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து ஆஸ்பத்திரிகளுக்கு வந்தது. நிலைமை, பின்னணி, என் மதிப்பீடு, என்ன செய்யலாம் என்று நாலு பகுதியாகச் சொல்வது. வகுப்பில் அதை மனப்பாடம் பண்ணும்போது சடங்கு மாதிரி இருந்தது. அன்றைக்கு அதுதான் கைகொடுத்தது. முதலில் எங்கள் இன்ஸ்ட்ரக்டர் மேடத்திடம் சார்ட்டைக் காட்டினேன், அவர் பார்த்துவிட்டு “நீயே போய்ச் சொல்லு, நான் பக்கத்தில் நிற்கிறேன்” என்றார். சிஸ்டரிடம் இப்படிச் சொன்னேன்: “சிஸ்டர், ஓரத்து பெட் அம்மாவுக்கு அடிவயிறு இறுகி மேடா இருக்கு, தொட்டா வலிக்குது. நேத்து காலையில கதீட்டர் எடுத்தாங்க, அதுக்கப்புறம் உள்ளே போனது 2 லிட்டருக்கு மேல, வெளியே வந்ததுக்கு அளவே இல்ல, இப்ப எடை போட்டுப் பார்த்த டயாப்பர்ல 60 மில்லிகூட இல்ல. யூரின் தேங்கி வழியுதுன்னு நினைக்கிறேன். நீங்க ஒரு தடவை வந்து தொட்டுப் பார்க்கணும் சிஸ்டர், டாக்டருக்குச் சொல்லணுமான்னு நீங்க சொல்லுங்க.”

அவர் கையில் இருந்த டிரேயைக் கீழே வைத்துவிட்டு வந்தார். தொட்டுப் பார்த்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, அந்த அம்மாவிடம் குனிந்து “ஐயோ அம்மா, இதுக்குத்தானா இவ்வளவு நேரமா…” என்றார். போனை எடுத்து டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டதும் அவர்தான். டாக்டர் வந்து ஸ்கேனர் வைத்துப் பார்த்தார், 800 மில்லிக்கு மேல் காட்டியது. திரை இழுத்து, கதீட்டர் போட்டதும் பை நிறைந்துகொண்டே போனது, கடைசியில் 900க்குப் பக்கத்தில் வந்து நின்றது. பை பாதி நிறைவதற்குள்ளேயே அந்த அம்மாவின் இடது கால் அசைவதை நிறுத்திவிட்டது. கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார். வாய் திறந்து, குறட்டையோடு, நல்ல தூக்கம்.

அன்று ராத்திரிக்கு அவருக்கு அமைதிப்படுத்தும் ஊசி ஒன்று எழுதப்பட்டிருந்தது. “தொந்தரவு பண்றாங்க” என்பதற்காக எழுதியது. டாக்டரே அதை அடித்துவிட்டார். அப்படிப்பட்ட மருந்துகளில் சில சிறுநீர்ப்பை சுருங்குவதைத் தளர்த்தி, தேக்கத்தை இன்னும் அதிகமாக்கிவிடக்கூடியவை. அந்த ஊசி போயிருந்தால் கால் உதைப்பது நின்றிருக்கும், முனகல் நின்றிருக்கும், ராத்திரி அமைதியாகக் கழிந்தது என்று எழுதியிருப்பார்கள், சிறுநீர் மட்டும் தேங்கிக்கொண்டே இருந்திருக்கும். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு நடுங்குகிறது.

சிஸ்டரைப் பற்றி யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது. அத்தனை பேரை ஒருவர் பார்க்க வேண்டிய வார்டில் ‘நனைந்தது’ என்று டிக் போடத்தான் நேரம் இருக்கும், எடை போட நேரம் இருக்காது. இது ஒரு ஆளின் குணத்தைப் பற்றிய விஷயம் கிடையாது. எத்தனை நோயாளிக்கு எத்தனை நர்ஸ் என்பதைத் தீர்மானிக்கிறவர்கள் பதில் சொல்ல வேண்டிய விஷயம். மாணவிகள் இருக்கும் ஷிஃப்டில் ஒருவருக்கு உட்கார்ந்து பார்க்க நேரம் கிடைத்தது, இல்லாத ஷிஃப்டில் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

நோயாளிக்காகப் பேசுவதும் நர்ஸின் வேலை என்ற பேச்சு எங்கள் தொழிலிலேயே வர நாளாகியிருக்கிறது. நர்சிங் மாணவிகள் விளக்கேற்றி எடுக்கிற நைட்டிங்கேல் உறுதிமொழியை நைட்டிங்கேல் எழுதவில்லை. 1893இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் லிஸ்ட்ரா கிரெட்டர் என்பவர் தலைமையிலான குழு எழுதியது. மருத்துவருக்கு விசுவாசமாக இருந்து அவர் வேலைக்குத் துணை நிற்பேன் என்பது அதில் வரும். சர்வதேச செவிலியர் மன்றத்தின் 1953ஆம் வருஷத்து நெறிமுறையிலும் மருத்துவரின் உத்தரவுகளை விசுவாசத்தோடு நிறைவேற்றுவது கடமை என்று இருந்தது. 1973இல் அதைத் திருத்தியபோதுதான், செவிலியரின் முதல் பொறுப்பு பராமரிப்புத் தேவைப்படும் மக்களிடம் என்று எழுதினார்கள். ஐம்பது வருஷத்துக்குக் கொஞ்சம் மேலேதான் ஆகிறது. எங்களுக்குப் பாடம் எடுப்பவர்களுக்கே பாடம் எடுத்தவர்கள் பழைய நெறிமுறையில் பயிற்சி பெற்றவர்களாக இருக்கக்கூடும். கேள்வி கேட்கிற மாணவியைப் பார்த்துச் சில சீனியர்களுக்கு முகம் மாறுவதை இதை வைத்து நான் புரிந்துகொள்கிறேன், ஆனால் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

சாயங்காலம் மகள் வந்தார். அவரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “அக்கா, அம்மா வழக்கமா எப்படி இருப்பாங்க?” யாரும் இதுவரை இதைக் கேட்கவில்லை என்று சொன்னார். அம்மாவுக்குக் கண்ணாடி இல்லாமல் எதிரே நிற்பவர் முகம்கூடத் தெளிவாகத் தெரியாது என்றார். கண்ணாடி அட்மிஷன் அன்றைக்குக் கழற்றியது, லாக்கரில் பையோடு அப்படியே கிடந்தது. அம்மா ரொம்பக் கூச்ச சுபாவம், அடுத்தவர் எதிரே தலை சீவக்கூட மாட்டார் என்றார். திரைகூடச் சரியாக இழுக்காமல் ஆட்கள் நடமாடுகிற இடத்தில் டயாப்பர் மாற்றுவது அவருக்கு என்னவாக இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுத்த நாளிலிருந்து அவருக்கு எது செய்தாலும் திரையை ஓரம் வரை இழுத்து, என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கையை வைத்தேன்.

இன்னொன்றும் இருந்தது. கட்டில் சுவரை ஒட்டிப் போட்டிருந்ததால் எல்லோரும் அவரை வலது பக்கமாகத்தான் நெருங்கினார்கள். மூளையின் இடது பக்கம் அடிபட்டவர்களுக்கு இரண்டு கண்ணிலுமே வலது பாதிக் காட்சி போய்விடலாம். அவருக்கும் அப்படித்தான் என்று பிறகு பரிசோதித்துச் சொன்னார்கள். அதாவது, யார் வருகிறார் என்றே தெரியாமல் திடீர் திடீரென்று கைகள் மட்டும் வந்து தொட்டுக்கொண்டிருந்திருக்கின்றன. ‘தொட்டாலே அடிக்கிறார்’ என்றும் ஒரு குறிப்பு இருந்தது. யாராக இருந்தாலும் அடிப்பார்கள். வார்டு இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேட்டதும் கட்டிலைத் திருப்பிப்போட அனுமதித்தார். கண்ணாடியைப் போட்டு, இடது பக்கமாக நின்று, முதலில் முகம் காட்டி, அப்புறம் பேசினால் அவர் யாரையும் அடிக்கவில்லை.

மகளும் நானும் சேர்ந்து ஒரு அட்டையில் படங்கள் வரைந்தோம், வலி, தாகம், குளிர், சிறுநீர், மகள், போதும். பேச்சுப் பயிற்சியாளர் வந்து பார்த்து, படங்களைப் பெரிதாக்கச் சொன்னார், ஒரு நேரத்தில் நான்குக்கு மேல் காட்ட வேண்டாம் என்றார், ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கச் சொன்னார். காத்திருப்பதுதான் உண்மையில் கஷ்டம். நாமே பதிலை எடுத்துக் கொடுத்துவிடத் துடிக்கும். ஒரே விஷயத்தைத் திருப்பிப்போட்டும் கேட்க வேண்டும், ‘வலிக்குதா’ என்று ஒருமுறை, ‘வலி இல்லாம இருக்கா’ என்று இன்னொருமுறை. இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் அந்தப் பதிலை நம்ப முடியாது, படத்துக்குத்தான் போக வேண்டும்.

சில நாள் கழித்துக் கதீட்டரை மறுபடி எடுத்தபோது டயாப்பரை நம்பி விடவில்லை. திரை இழுத்து, இரண்டு பேர் பிடித்துக் கட்டிலோரத்துக் கமோடில் உட்காரவைத்தோம். படுத்த நிலையில் சிறுநீர் கழிக்கப் பலருக்கும் வராது. ஆட்களை வெளியே அனுப்பி, கையெட்டும் தூரத்தில் நான் மட்டும் முதுகைக் காட்டி நின்றேன். ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை, அப்புறம் வந்தது. அளந்து எழுதினோம். கழித்தபிறகு ஸ்கேனர் வைத்துப் பார்த்ததில் மிச்சம் கொஞ்சம்தான் இருந்தது. கையை அதற்கப்புறம் கட்டவில்லை. அதற்குப் பிறகும் மூக்கு ட்யூபை அவர் ஒருமுறை இழுத்தது உண்மைதான், மறுபடி போட வேண்டியிருந்தது, அந்தச் சமயம் கட்ட வேண்டும் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். நாசியைப் பாருங்கள் என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருந்ததால் முதலில் நாசியைப் பார்த்தார்கள், பிளாஸ்திரி மறுபடி நழுவியிருந்தது.

ஜூனியர் ஒருத்தி என்னிடம், “அக்கா, சொல்லி திட்டு வாங்கினா என்ன பண்றது?” என்று கேட்டாள். திட்டு வாங்குவாய், அது நடக்கும் என்றுதான் சொன்னேன். தொட்டுப் பார்த்ததை, எண்ணை, நேரத்தை எழுதிக்கொண்டு போ. ‘எனக்கென்னவோ தோணுது’ என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்காதே, தோன்றுவது சரியாகவே இருந்தாலும் அதை வைத்து அவர்களால் எதுவும் செய்ய முடியாது. உன் ஷிஃப்டில் பொறுப்பில் இருக்கிற சிஸ்டரிடம் சொல், கேட்கவில்லை என்றால் இன்ஸ்ட்ரக்டரிடம் சொல், அதற்கும் மேலே இன்சார்ஜ் இருக்கிறார், யாரையும் தாண்டிக் குதிக்காதே, யாரோடும் நிறுத்திவிடவும் செய்யாதே. உயிருக்கு ஆபத்து என்று பட்டால் மட்டும் வரிசையெல்லாம் பார்க்காமல் கத்து.

இன்சார்ஜ் சிஸ்டர் அதன்பின் ஒரு ஏற்பாடு செய்தார். கதீட்டர் எடுத்த ஒவ்வொருவருக்கும் எடுத்த நேரம், முதல் சிறுநீர் எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி என்பது கட்டில் தலைமாட்டுப் பலகையில் எழுதியிருக்க வேண்டும், டயாப்பர் போட்டவர்களுக்கு எடை போட்டு எழுத வேண்டும், ஆறு மணி நேரத்துக்குள் அளவு எதுவும் இல்லையென்றால் டாக்டருக்குச் சொல்ல வேண்டும். பகலில் அதை மாணவிகள்தான் பெரும்பாலும் செய்தோம். என் போஸ்டிங் இப்போது வேறு வார்டுக்கு மாறிவிட்டது. இங்கே எடை மெஷின் ஸ்டோர் ரூமில் பழைய ஸ்டாண்டுகளுக்குப் பின்னால் கிடந்தது, எடுத்து வெளியே வைத்து, பேட்டரி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.